கவனத்துக்குக் கொள்ளுச் சுண்டல்

மாவட்டச் சதுரங்கப் போட்டியில் மூன்றாவது மணி நேரம் தொடங்கியதும் குழந்தைகளின் கவனம் நாற்காலியை விட்டு இறங்கி வெளியே வந்துவிடும். பத்து நிமிடத்துக்குள் அதற்கு ஏதாவது ஊட்டி உள்ளே அனுப்பிவிட வேண்டும். அப்புறம் கதவைச் சாத்திவிடுவார்கள். பாளையங்கோட்டையில் அந்தப் பள்ளிக்கூட வராந்தாவில் பெற்றோர் தூக்குவாளிகளோடு உட்கார்ந்திருந்தது அதற்காகத்தான்.

ஞானப்பிரகாசம் டவுன் பஸ் கண்டக்டர். லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மகள் ஃபெபினுக்குப் பத்து வயது. மூளைக்கு ஒரு குறையும் இல்லை, கவனம்தான் ஊர்சுற்றி. போன வருஷம் பாசம் கண்ணை மறைக்க, அதற்குக் கால் கிலோ அல்வா ஊட்டிவிட்டார். ஐந்து நிமிடம் துள்ளிக் குதித்த கவனம், பெஞ்சுக்கடியில் படுத்துப் பரிசு கொடுத்து முடியும்வரை குறட்டை விட்டது. உள்ளே ஃபெபின் ராணியைக் கொண்டுபோய்ச் சும்மா பறிகொடுத்தாள். வீடுவரை அவள் அழுத அழுகையை அவரால் இன்னும் மறக்க முடியவில்லை. இன்று கடைசிச் சுற்று. ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

எனவே இந்த முறை கொள்ளுச் சுண்டலும் மோரும்.

பக்கத்தில் மெஹருன்னிசா வாழைப்பழத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். இன்று ஃபெபினோடு மோதும் ஆஷிக்கின் அம்மா. அவர் தூக்குவாளியை எட்டிப் பார்த்தாள்.

“இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளும்பாங்க. ஒங்க பிள்ள ஈர்க்குச்சி மாதிரில்லா இருக்கா அண்ணாச்சி?”

“வீட்ல இதான் இருந்துச்சு,” என்றார் அவர்.

மணி பன்னிரண்டு ஆனதும் கதவு திறந்து முப்பது கவனங்கள் வெளியே வந்தன. ஃபெபினின் கவனம் அச்சு அசல் அவளேதான், ஆனால் முழங்கால் உயரம், ரிப்பன் அவிழ்ந்திருந்தது. அப்பாவை ஏறிட்டும் பார்க்காமல் வேப்பமரத்தில் ஏறி அணிலோடு பேச்சுக் கொடுத்தது.

“ஏட்டி, இறங்கு. நல்ல பிள்ளல்லா!”

கெஞ்சியும் பார்த்தார், கொஞ்சியும் பார்த்தார். அது அடுத்த கிளைக்குப் போனது. ஆறு நிமிடம் கழிந்துவிட்டது. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் விசிலை எடுத்தது. நீளமாக ஊதினார்.

மரத்திலிருந்தும் மதில் மேலிருந்தும் குழாயடியிலிருந்தும் முப்பது கவனங்களும் ஓடிவந்து அவர் முன்னால் நின்று வாயைத் திறந்தன. கூப்பிட்டுவிட்டுச் சும்மா அனுப்ப முடியுமா? ஆளுக்கு ஒரு கரண்டி ஊட்டினார். ஆஷிக்கின் கவனத்துக்கும்தான். தன் மகளுடைய கவனத்தின் முறை வந்தபோது அரைக் கரண்டிதான் மிஞ்சியது. அவர் முகம் வாடிவிட்டது.

“போதும் அண்ணாச்சி,” என்றாள் மெஹருன்னிசா. “வயிறு முட்டத் தின்னா அது தூங்கத்தான் செய்யும்.”

ஒரு மடக்கு மோர் கொடுத்து ரிப்பனைக் கட்டிவிட்டார். பிறகு பழக்க தோஷத்தில், “படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க,” என்று எல்லாவற்றையும் ஏற்றி, “ரைட்” சொன்னார். கதவு மூடியது.

மூன்று மணிக்கு ஃபெபின் ஓடிவந்தாள்.

“ஜெயிச்சிட்டேம்ப்பா!”

அவளை அப்படியே தூக்கிச் சுற்றினார். பின்னாலேயே வந்த ஆஷிக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். “கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் முழிச்சிருந்தோம்மா,” என்றான்.

திரும்பும்போது பஸ் முருகன்குறிச்சியைத் தாண்டியதும் பின்னால் டக் டக்கென்று சத்தம் கேட்டது. ஞானப்பிரகாசம் எட்டிப் பார்த்தார். ஆஷிக்கின் கறுப்புக் குதிரை இரண்டு கட்டம் நேராகவும் ஒரு கட்டம் பக்கவாட்டிலுமாகப் பாய்ந்து வந்துகொண்டிருந்தது. ஆட்டோக்கள் ஒதுங்கி வழிவிட்டன.

“அஞ்சு மணி நேரமா அதுக்கு யாருமே ஒண்ணும் குடுக்கலப்பா,” என்றாள் ஃபெபின்.

அவர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினார்.

“படியில நிக்காத, உள்ள ஏறு. வீட்ல இன்னும் கொள்ளு இருக்கு.”

ஃபெபின் ஜன்னலோர இடத்தை அதற்கு விட்டுக்கொடுத்தாள்.