மதகுக் கயிறு

தூத்துக்குடியில் எல்லாருடைய தலைக்குள்ளும் ஒரு உப்பளம் உண்டு. பின்மண்டையில் கடல், நெற்றிப் பக்கம் பாத்திகள், நடுவில் ஒரு மதகு. வருத்தம் வந்தால் கடல் ஏறும். நெற்றிப் பக்கம் வேலைக்கு நிற்கிற ஆட்கள் கயிற்றை இழுத்து மதகை இறக்கி அடைப்பார்கள். அதற்குள் புகுந்துவிட்ட தண்ணீர் காய்ந்து உப்பாகிவிடும்.

பேச்சித்தாயின் தங்கை சந்திரகனிக்கு மட்டும் காயவில்லை. மாதக்கணக்காகப் பாயைவிட்டு எழவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை முழுங்கவாவது ரெண்டு வாய் சோறு இறங்க வேண்டுமே என்று பேச்சித்தாய் வந்து அடுப்பில் ரசம் வைத்திருந்தாள்.

"சும்மாவே படுத்துக் கெடக்கா, மதினி. ஒரு வேலை கிடையாது," என்றார் சந்திரகனியின் புருஷன் தங்கவேல்.

"உள்ள போய்ப் பாத்தியளா?"

"குனிஞ்சு போவணும்லா. எனக்கு இடுப்பு வலி."

"நல்ல இடுப்பு," என்று சொல்லிவிட்டு, பேச்சித்தாய் சேலையைச் செருகிக்கொண்டு, தங்கையின் காதுக்குப் பின்னாலிருந்த கதவைத் திறந்து உள்ளே போனாள்.

போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணுக்கெட்டிய மட்டும் பெண்கள். அத்தனை பேருக்கும் சந்திரகனியின் முகம். உள்ளங்கைத் தோல் உரிய ஒரே கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சித்தாயின் தலைக்குள் நாலைந்து பேர்தான். அதிலும் ஒருத்தி எந்நேரமும் தூங்குவாள். தேர் இழுக்கிற கூட்டம்கூட இப்படி இழுத்து அவள் பார்த்ததில்லை. கோயிலுக்குள் போகிறவள்போல வரப்பு வழியே மெல்ல நடந்தாள்.

கயிறு உருளையில் மாறிச் சுற்றியிருந்தது. இழுக்க இழுக்க மதகு மேலேதான் ஏறியது. தண்ணீர் அவர்கள் நெஞ்சுமட்டம் நின்றது.

"ஏட்டி, கயித்த விடுங்கட்டி."

"விட்டா முங்கிருவோம்க்கா," என்றாள் முன்னால் நின்றவள், திரும்பாமலே.

"இழுக்கதுனாலதாம்ட்டி ஏறுது."

"தெரியும்க்கா. சும்மா நிக்கப் பயமா இருக்கு."

பேச்சித்தாய் குனிந்து, முன்னால் நின்றவளின் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சாப்பிட்டியளா?"

கயிறு தொய்ந்தது. மதகு ஒரு விரற்கடை இறங்கியது.

"ரசம் கொதிக்கு. பாதிப் பேர் வாங்க. மிச்சப் பேர் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, அவுக சாப்பிட்டதும் ஆள் மாத்தி விடுதேன்."

காது வழியாக ஒவ்வொருத்தியாக வெளியே வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். தங்கவேல் இலை போட்டார். பேச்சித்தாய் ஒருத்தி விடாமல் சோறு வைத்து ரசம் ஊற்றிக்கொண்டு போனாள். வரிசையில் எவள் தன் தங்கை என்று அவள் பார்க்கவில்லை. சந்திரகனி படுத்திருந்த பாய் காலியாக இருந்தது. தங்கவேல் குனிந்து அதைச் சுருட்டி வைத்துவிட்டு, அடுத்த பந்திக்கு உலை வைக்கப் போனார்.