கல்லில் திறக்கும் பக்கம்

2025 ஜூன் 11, டிக்கோயா. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான ஏழாம் நம்பர் லயத்துக்குப் பின்னாலுள்ள பெரிய கல்லில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைத்துப் போனில் படம் இறங்கும். அந்தக் கல்லடியில் மண் வெடித்திருந்தது.

லோஜினி அந்த லயத்துக்காரி. ஹட்டனில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இயங்கும் சிறு நிறுவனமொன்றில் வலைப்பக்கங்கள் செய்கிறாள். மழை கூடினால் எந்த லயத்து ஆட்கள் வெளியேற வேண்டும் என்று சொல்லும் மண்சரிவு எச்சரிக்கைப் பக்கம் அவள் கைக்கு வந்தது. பொத்தான், வரைபடம் எல்லாம் ஆயத்தமாகத் தரும் லைப்ரரி என்னும் நிரல் தொகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிகச் சிறியதை எடுத்தாள். அம்மா பேச்சியம்மாவின் பழைய போனில், கல்லில் ஏறாமல் வாசலிலேயே, பக்கம் திறந்தது.

பொறுப்பாளர் டினேஷ் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, செத்த வீட்டு நோட்டீஸ் மாதிரி?"

"தெறக்குதுங்க அண்ணா. நீங்க சொல்ற பெரிய லைப்ரரிய போட்டா எங்க லயத்துல சும்மா சுத்திக்கிட்டே நிக்குது."

"காசு குடுக்கிறவங்களுக்குக் கொழும்புல காட்டணும். மேப் அசையணும், மழத்துளி விழணும்."

"மழ எங்க வீட்டுக்குள்ளயே விழுதுங்க."

பக்கத்து மேசை துஷாந்த் சிரித்துவிட்டான். டினேஷ் சிரிக்கவில்லை.

"நானும் தலவாக்கலையில லயத்துல பொறந்தவன்தான். நம்ம ஆளுகளுக்கு மட்டமா குடுத்தா போதும்ங்கிற நெனப்ப விடு."

அந்தச் சொல் அவளைச் சுட்டது. திறக்கிற பக்கம் மட்டம், திறக்காதது உசத்தியா? லயத்துக்கு நல்லது செய்கிறவர்கள் ஏன் ஒருநாளும் லயத்து வாசலில் நின்று பார்ப்பதில்லை? வெளியேறி வந்தவருக்குக்கூட அந்த வாசல் மறந்துவிடுமா?

"நீங்க ஒருநா வந்து தெறந்து பாருங்க அண்ணா."

"எப்பிடியும் கல்லுல ஏறித்தானே போன் பாக்குறாங்க? ஏறிப் பாக்கட்டும்."

"அந்தக் கல்லுதான் சரியப் போகுது!"

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த வெர்ஷன்ல பாப்பம்" என்றார்.

பெரிய லைப்ரரியோடு பக்கம் வெளியானது. கொழும்பு ஹோட்டலில் நடந்த வெளியீட்டில் எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த வாரம் விடாமல் மழை. எச்சரிக்கை வந்ததும் லோஜினி அலுவலகத்திலிருந்து அம்மாவை அழைத்தாள்.

"எச்சரிக்கை போட்டிருக்காங்க, பாத்தியாம்மா?"

"அதத்தான் பாக்குறோம். சுத்துது. லயத்து ஆளுங்க எல்லாம் இங்கதான் நிக்கிறோம்."

"எங்கம்மா?"

"கல்லுலதான்."

"எறங்கும்மா! எல்லாரையும் எறங்கச் சொல்லு!"

"இரு புள்ள, இப்பதான் தெறக்குது."

பக்கம் திறந்தது. வரைபடத்தில் ஏழாம் நம்பர் லயமும் கல்லும் வெளியேறச் சொல்லும் சிவப்பில் இருந்தன. அவற்றின்மேல் மழைத்துளிகள் விழுந்தன.