அம்மாவின் நாலு கட்டை

அம்மா பாடியதில் மிச்சம் அந்த ஒரே கேசட்தான். அதைக் கொண்டுவந்த தங்கை, "இரைச்சலை மட்டும் எடுத்துக் குடுண்ணா. வேற எதையும் நோண்டாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒலிப்பதிவுக் கூடத்தில், பாடகர்களின் பிசகிய சுருதியைக் கணினியில் இழுத்துச் சரிசெய்வதுதான் அவன் பிழைப்பு. கை சும்மா இருக்குமா?

திரையில் அம்மாவின் குரல் கோடாக நெளிந்தது. ஒரு ஸ்வரம்கூட விலகவில்லை. ஆனால் பாட்டு ஐந்து கட்டைச் சுருதியில் இருந்தது. அம்மாவின் சுருதி அதுதானா என்று, அந்தப் பாட்டுக்கு ஆர்மோனியம் வாசித்த அப்பாவைப் போனில் கேட்டான். அம்மா போனபின் அவர் அந்தக் கேசட்டைக் கேட்டதே இல்லை.

"அஞ்சா? உங்கம்மா நாலைத் தாண்டினதே இல்லடா." சற்று யோசித்தார். "அன்னிக்கு டேப்ல பேட்டரி தீர்ற நிலைமை. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, இதுவே போதும்னுட்டேன்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. சோர்ந்த பேட்டரியில் நாடா மெதுவாகச் சுற்றிப் பதிவாகியிருக்கிறது; பிறகு சரியான வேகத்தில் போட்டபோதெல்லாம் குரல் கீச்சென்று ஏறிவிட்டது. முப்பது வருஷமாக!

வேகத்தைக் குறைத்தான். கனத்த, நிதானமான குரல் அறையை நிறைத்தது. ஏழு வயதில், அம்மாவின் மார்பில் சாய்ந்திருந்தபோது முதுகில் அதிர்ந்த அதே குரல். இதை எப்படி மறந்தோம் என்று நினைத்தபடி, மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்டான்.

மறுநாள் மதியம் தங்கை வந்து பாட்டைக் கேட்டாள். முகம் சுருங்கியது.

"யாருண்ணா இது?"

"அம்மாதான். டேப் ஓடின வேகம் தப்பு, அதைச் சரிபண்ணினேன்."

"இல்ல. எங்கம்மா குரல் எனக்குத் தெரியாதா?"

அம்மா இறந்தபோது அவளுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அவளுக்கு அம்மா என்றால் அந்தக் கேசட்தான். தப்புச் செய்துவிட்டோமோ என்று அவன் கலங்கினான்.

அதற்குள் பாட்டு முடிந்து, பதிவில் அம்மா பேசினாள்: "பாப்பா முழிச்சிட்டா. போதும், நிறுத்துங்க."

தங்கை நிமிர்ந்தாள். "அதை மட்டும் இன்னொரு தடவை போடு." மூன்று தடவை கேட்டாள். "அண்ணா, நான் பேசற மாதிரியே இருக்கு. ஸ்கூல்ல பாடும்போது, ஆம்பளைக் குரல்னு என்னைப் பின்வரிசையில நிக்கவச்சு, வாயை மட்டும் அசைக்கச் சொல்வாங்க. அம்மா குரல் எனக்கு வரலியேன்னு எவ்வளவு அழுதிருக்கேன்!" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"அப்போ பழைய பதிவை அழிச்சிடட்டுமா?"

"உதைப்பேன். அதைக் கேட்டுத்தானே வளர்ந்தேன். ரெண்டும் வேணும்."

இரண்டையும் அவள் போனில் ஏற்றிக் கொடுத்தான். அவள் படியிறங்கும்போது வாய்விட்டே பாடிக்கொண்டு போனாள்.