மூன்றடிப் பலகைகள்

தேயிலைக்கு நிழலாக நிற்கிற சவுக்கு மரத்தைப் பற்றிப் பூரணியிடம் கேட்டால் விடிய விடியச் சொல்லுவாள். சட்டமாக அறுத்தால் தூணுக்கு, அகலமாக அறுத்தால் சுவருக்கு, மிஞ்சியதைக் கீறினால் கூரைத் தகரத்துக்கு ரீப்பை. ஒரே ஒரு கெட்ட குணம், பச்சையாக வெயிலில் போட்டால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அதனால் காற்றில் விழுந்த அந்த ஒற்றை மரத்துக்கு அவளும் அண்ணன் சோலைமலையும் தோட்டத்துத் தொரையிடம் அனுமதித் துண்டு வாங்கி, அறுத்த பலகைகளை அவள் குசினி மோட்டில், அடுப்புக்கு மேலே, குச்சி வைத்து அடுக்கினார்கள். ஒரு வருஷம் ஞாயிறு தவறாமல் ஏறிப் புரட்டிப் போட்டாள். கொழுந்து பறித்து வீங்கிய விரல்களில் சிராய் ஏறாத வாரமில்லை.

எல்லாம் லெட்சுமிக்காக. மகளை அண்ணன் மகன் மாயாண்டிக்குக் கொடுப்பதென்று எப்போதோ பேசி முடித்தது. பொகவந்தலாவையில் அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் புதுசாக ஒரு சோடிக்கு எங்கே இடம்? அண்ணன் காம்பராவின் பின்பக்கம் பலகையடித்து ஓர் அறை இறக்கினால்தான் தையில் கல்யாணம். போன வாரம் பலகைகளை இறக்கிக்கொண்டு போன சோலைமலை, வேலையைத் தொடங்கிவிடுகிறேன் என்று சொல்லித்தான் போனான்.

சனிக்கிழமை கூடையோடு வரும்போதே அவன் லயத்தின் பின்னாலிருந்து வாள் சத்தம் கேட்டது. பூரணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடையைக்கூட இறக்காமல் போய்ப் பார்த்தாள்.

ஏழடிப் பலகைகள் எல்லாம் மூன்றடியாகக் கிடந்தன. சுவருக்கு யாராவது மூன்றடியில் அறுப்பார்களா? அண்ணனுக்கு அளவு தப்பிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள், வாய்க்கு வந்தபடி ஏசவும் ஏசினாள். அவன் வாளை வைத்துவிட்டு ஆணியும் சுத்தியலும் எடுத்தான். அப்போதுதான் சுவரோரம் ஆணியடித்து முடித்திருந்த இரண்டு பெட்டிகளைக் கண்டாள். இந்தியாவுக்குப் போகிறவர்கள் தலைமன்னார் ரயிலில் ஏற்றுகிற பெட்டி. போன மாதம்தான் மேல் லயத்திலிருந்து நாலு பெட்டி போனது.

"எப்ப அண்ணே இந்தியாவுக்கு எழுதிக் குடுத்தீங்க?"

"நாலு வருசமாச்சு. இப்பத்தான் பாஸ்போட்டு வந்திச்சு."

நாலு வருஷம். நம்ம பொழப்பு இங்கதான் தங்கச்சி என்று அவன் சொன்னதை நம்பித்தான், புருஷனில்லாதவள், அதே வருஷம் இலங்கைப் பிரஜாவுரிமைக்கே மனு எழுதினாள். அந்த மனுவை ஹட்டனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் அவனேதான். அப்படியானால் இரண்டு மனுவும் ஒரே சட்டைப்பையில் ஒரே பஸ்ஸில் போயிருக்கின்றன. படுபாவி, கூடப் பிறந்தவளிடம் இதையா செய்வது?

மாயாண்டியும்தானா என்று கேட்டாள். அவனை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றான். துறையூரில் அவன் மச்சானுக்கு ஒரு மகள் இருக்கிறாளாம், மாயாண்டி அவளைக் கட்டினால்தான் போய் இறங்க ஒரு வீடு கிடைக்குமாம். ஆணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"லெட்சுமிகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிரு தங்கச்சி. எனக்கு அந்தப் புள்ள மொகத்தப் பாக்கத் தெம்பில்ல."

பலகை போனதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். இதைப் பொறுக்க முடியவில்லை. மறுபடி ஆணியடிக்கப் போனவனின் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினாள்.

"லெட்சுமி," என்று பக்கத்திலிருந்த தங்கள் லயத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இங்க வா. மாமா ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு லெட்சுமி ஓடிவந்தாள். அறுத்துக் கிடந்த பலகைகளைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்துபோனது. மாமனை நேராகப் பார்க்க வெட்கப்பட்டு, தலை குனிந்துகொண்டு கேட்டாள்.

"கதவு எந்தப் பக்கம் மாமா வைக்கப் போறீங்க?"