நாலு திரையிலும் ஒரே எழுத்து

...ஈஸ்ட் குழாயை நீதான் மாற்றிவிட்டிருப்பாய் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியாகிவிட்டது, கொஞ்சமும் யோசிக்காமல், அவளும் சாரி மேடம் என்று தலையைக் குனிந்துகொண்டாள், பதினோராம் வகுப்பு, நோட்டின் அட்டைகூடக் கசங்காதவள், அவளா மாற்றுவாள்? நாலு குழுவுக்கும் குழாய்களைப் பங்கிட்டவள் அவள், அதனால் பழி போட வசதியாகப் போயிற்று. இப்போது இடைவேளை, பிள்ளைகள் வெளியே, பத்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள். ஒன்பது வருடமாக நான் வளர்க்கும் ஈஸ்ட், மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் சூட்டைத் தாங்குகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், மரபணு வரிசையைப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பில் விடை தெரிந்த கணக்காக இருக்கட்டும் என்று அதையே கொடுத்தேன்... நாலு குழுவின் கணினித் திரையிலும் அந்த எழுத்து மாறவே இல்லை. ரொட்டிக்கடையில் கிடைக்கும் ஈஸ்டுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. "நாலு குழுவும் ஒரே மாதிரி தப்பு பண்ணுவோமா மேடம்?" என்று அவள்தான் கேட்டாள், அதற்குத்தான் அந்தப் பதில்.

குளிர்பெட்டியிலிருந்து என் தட்டை எடுத்தேன், ஈஸ்ட் அதில் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும், மாதாமாதம் ஒரு புள்ளியைக் குச்சியால் தொட்டுப் புதுத் தட்டில் இழுப்பேன், இப்போதும் கை தானாகப் போனது, எங்கே? இருப்பதிலேயே பெரிய, கொழுகொழுவென்ற புள்ளிக்கு, சந்தையில் தக்காளி பொறுக்குகிற மாதிரி. ஐயோ. எழுத்து மாறிய ஈஸ்ட் மெதுவாக வளரும், சோனிப் புள்ளிதான் வைக்கும், அதை முதல் கட்டுரையில் எழுதியவளே நான்தானே... எழுத்து திரும்பிப் பழையபடி ஆனதுதான் கொழுத்திருக்கும், அதையே மாதாமாதம் ஆசையாகப் பொறுக்கியிருக்கிறேனா? சூட்டுச் சோதனை செய்து இரண்டு வருடமாகிறது, தெரிந்ததுதானே என்ற மெத்தனம். அந்த இரண்டு வருடத்து வேலை முழுதும் வெள்ளிக்கிழமை அனுப்பவேண்டிய கட்டுரையில் இருக்கிறது. உறைபெட்டியின் அடியில் முதல் வருடக் குழாய் ஒன்று கிடக்கும், அதன் மரபணு வரிசையைப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், தெரிய வேண்டுமா எனக்கு?

திரும்பி வந்துவிட்டார்கள். அவள் கையெழுத்துக்காக நோட்டை நீட்டினாள், 'குழாய் மாறியது என் கவனக்குறைவு', முத்து முத்தான எழுத்து. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான், யாருக்கும் தெரியப்போவதில்லை, வெள்ளிக்கிழமையும் வந்து போய்விடும். பேனாவை மூடிவிட்டேன்.

"அந்த வரிய அடிச்சிடும்மா."

"அப்போ என்ன எழுதட்டும் மேடம்?"

தப்பு உன்னோடது இல்ல, என்னோடது என்று சொல்லியிருக்கலாம், நாலே வார்த்தை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், நிஜமாகவே இவள் கை தவறியிருக்கக் கூடாதா என்று மனசு இன்னமும் கெஞ்சிக்கொண்டிருந்தது.