ஒன்று வராத ஏழு

குற்றாலத்துக்குக் கூட்டமாகப் போனால் யாராவது ஒருவர் பைகளுக்குக் காவல் இருந்தாக வேண்டும். இரண்டு சீசனாக அந்த ஒருவர் நான்தான். யாரும் என்னை இருக்கச் சொன்னதில்லை. அவர்கள் வாய் திறக்குமுன் நானே உட்கார்ந்துவிடுவேன். கடையம் பக்கம் நடந்த பஸ் விபத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் காலை நனைக்கக் கூடாது என்பது நல்ல சாக்கு. அருவியில் நிற்க எவ்வளவு ஆசை என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் "பாவம் சத்யபிரியா" என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குச் சுர்ரென்று ஏறும்.

நான் சுரண்டையில் கணக்கு டீச்சர். போன வியாழக்கிழமை ஒன்பதாம் வகுப்பில் ஏழு என்ற எண்ணைக் கூட்டல் பங்குகளாகப் பிரிக்கச் சொன்னேன். ஐந்தும் இரண்டும் ஏழு. நான்கும் இரண்டும் ஒன்றும் ஏழு. இப்படி மொத்தம் பதினைந்து வழி. ஏழை ஏழாகவே விடுவதும் ஒரு வழி என்று போர்டில் முதல் வரியாக எழுதியதும் பிள்ளைகள் சிரித்தார்கள்.

"பிரிக்கவே இல்லையே டீச்சர், அது எப்படிக் கணக்குல வரும்?"

"வரும், எழுது" என்று அதட்டினேன்.

அடுத்து, பங்குகளில் ஒன்றே வரக்கூடாது என்றால் எத்தனை வழி என்று போர்டில் எழுதினேன். ஒன்று உள்ள பிரிவு ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஒன்றைத் தூக்கிவிட்டால் மிச்சம் ஆறின் பிரிவு. ஆறுக்குப் பதினொரு வழி. பதினைந்தில் பதினொன்று போனால் நான்கு. தனி ஏழு; ஐந்தும் இரண்டும்; நான்கும் மூன்றும்; மூன்றும் இரண்டும் இரண்டும். அவ்வளவுதான்.

பின் பெஞ்சில் ரெஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்த பி.டி. டீச்சர் மாரித்தாய் மணி அடித்ததும் என்னிடம் வந்தாள். "ஞாயித்துக்கிழம குத்தாலத்துக்குப் போற டீச்சருங்க நாமளும் ஏழு பேருதான்" என்றாள். ஒன்றைத் தூக்கிவிட்டால் ஆறு ஒரு குறையுமில்லாமல் நிற்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சாரல். ஐந்தருவியில் வேன் நின்றதும் வழக்கம்போல் கையை நீட்டினேன். "பையெல்லாம் கொண்டாங்க, நான் பாத்துக்கிடுதேன்."

ஒரு பையும் வரவில்லை.

"எல்லாம் வேன்லயே கெடக்கட்டும். யஹ்யா அண்ணாச்சி பாத்துக்கிடுவாரு" என்றாள் மாரித்தாய். டிரைவர் யஹ்யா அண்ணாச்சி திரும்பிப் பார்த்து, "நான் எங்கயும் போவலம்மா, மெதுவா குளிச்சிட்டு வாங்க" என்றார். முன்னாலேயே பேசி வைத்திருக்கிறார்கள்!

"அப்ப நான் எதுக்கு வந்தேன்?"

"குளிக்கத்தான். பங்குல ஒன்னு வரக்கூடாதுன்னு போர்டுல எழுதுனது யாரு? நீ மட்டும் ஒத்தையில ஒக்காரலாமா? காலக் கழத்துட்டி."

"எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டுமே. தண்ணி விழுத வேகத்துல யாருக்கும் கண்ணே தெரியாது."

அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் அசையவில்லை. அறிவியல் டீச்சர் மஞ்சு இன்னொரு பக்கம் வந்து தோளைக் கொடுத்தாள். கழற்றிய காலைப் பைகளுக்கு மேல் வைத்தேன். இந்த முறை அதுதான் காவல்.

முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், நடுவில் நாங்கள் மூன்று பேர். வழுக்குப் பாறையில் ஒவ்வொரு அடியாகப் போனோம். பெண்கள் பக்கம் நெரிசல்தான். ஆனாலும் கம்பியோரம் நின்றவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். தண்ணீர் தலையில் விழுந்தது. இரண்டு சீசனுக்குப் பிறகு விழுந்தது. நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

கண்ணைத் திறந்தபோது மற்ற நான்கு பேரும் வந்து சேர்ந்திருந்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, ஏழு பேரும் ஒரே தண்ணீருக்கடியில் நின்றோம். மாரித்தாய்க்கு நன்றி சொன்னேன். இரைச்சலில் அவள் காதில் விழவில்லை.

"என்னட்டி?" என்று கத்தினாள்.

"ஏழ ஏழாவே விடுதது! அதுவும் ஒரு வழிதான்!" என்று நானும் கத்தினேன்.

"நீதான முதல் வரியில எழுதிப் போட்ட!"

எழுதிப் போட்டேன்தான். அன்றுவரை நம்பவில்லை.