ஒரு சாக்கு உமிச் சாம்பல்

அந்த மாசி மாதத்தில் விஜயலட்சுமிக்குத் தூக்கம் உட்கார்ந்த இடத்தில்தான் வந்தது. கணவர் ரெங்கசாமிக்குப் பக்கவாதம் வந்து பத்து மாதமாகியிருந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் பாதிதான் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். காலையும் மாலையும் வெந்நீரில் உடம்பு துடைக்க வேண்டும். துணி அலசவும் வெந்நீர்தான். சிலிண்டர் இருபது நாள்கூடத் தாங்கவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் போனிலேயே விசாரித்து, கும்பகோணத்துப் பட்டறை ஒன்றில் இரும்பு அடுப்பு செய்யச் சொன்னான். விறகு, கொட்டாங்கச்சி, வரட்டி, உமி, எதைப் போட்டாலும் எரியும். புகை போகக் கூரைக்கு மேலே குழாய். அடியில் சாம்பல் விழ ஒரு தட்டு. உமிக்கென்று ஓட்டை போட்ட தகர உருளை ஒன்று தனியாக வந்தது. அதை நடுவில் நிறுத்திச் சுற்றிலும் உமியைத் திணித்துவிட்டால் மூன்று மணி நேரம் அணையாமல் எரியும்.

பொருத்த வந்தவர் கூத்தாநல்லூர் பக்கீர் முகம்மது. வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகச் சொன்னார். பற்றவைக்கும்போது காற்றுக் கதவை முழுக்கத் திறக்க வேண்டும், தீ பிடித்ததும் பாதி மூடினால் போதும். ஈர விறகு போட்டால் குழாயில் கரி அடையும். படுத்திருப்பவர் இருக்கும் வீடு, அதனால் அடுப்பங்கரை ஜன்னலை மழையானாலும் சாத்தக் கூடாது. கடைசியாகச் சாம்பலைப் பற்றிச் சொன்னார்.

"விறகுச் சாம்பல் சாயங்காலத்துக்குள்ள ஆறிடும்மா. உமிச் சாம்பலை மட்டும் நம்பாதீங்க. மேல தொட்டா செத்த மாதிரி இருக்கும். உள்ள ரெண்டு நாளைக்கு உசுரு இருக்கும். தண்ணி ஊத்திக் கிளறிட்டுத்தான் வெளிய எடுக்கணும்."

விஜயலட்சுமி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். அப்போது உள்ளேயிருந்து ரெங்கசாமி கூப்பிடும் சத்தம் கேட்டது. எதைக் கேட்டோம், எதை விட்டோம் என்று அவளுக்கே தெரியாது.

மூன்று மாதம் விறகுதான் எரித்தாள். ஆறிய சாம்பலைச் சணல் சாக்கில் சேர்த்து அடுத்த வீட்டுப் பிரகதாம்பாளுக்குக் கொடுப்பாள். பிரகதாம்பாள் அதை அவரைப் பந்தலில் அசுவிணிப் பூச்சி பிடிக்காமலிருக்கத் தூவுவாள். பதிலுக்கு ஒரு கை அவரைக்காய் வரும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலிகூட இல்லை.

வைகாசியில் பருவம் தப்பி இரண்டு நாள் மழை பெய்தது. விறகு நனைந்துவிட்டது. மில்லில் வாங்கி உள்ளே வைத்திருந்த உமி மூட்டையைப் பிரித்தாள். புதன், வியாழன் இரண்டு நாளும் உமிதான். வியாழன் மாலை வழக்கம்போலத் தட்டில் கை வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. சாக்கில் கொட்டி எடுத்துப் போனாள். பிரகதாம்பாள் நன்னிலம் போயிருந்தாள். மழை ஓய்ந்து வெயில் அடித்து, அவர்கள் வீட்டு வைக்கோல்போர் காய்ந்து பொன்னாக நின்றது. சாக்கைப் போரின் அடியில் சாத்திவிட்டு, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டாள். பிறகு மறந்தும்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போர் எரிந்தது. பம்புசெட்டுக் குழாயை இழுத்து ஊரே அணைத்தது. வீடும் மாடும் தப்பின. ஒரு வருஷத்துத் தீனி கருகிப்போனது.

தீப் பிடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வீரையன் அந்தப் போரின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தார். பிரகதாம்பாளின் கணவர் அண்ணாதுரையின் வயலில் இருபது வருஷமாக வேலை செய்பவர். சாப்பிட்டதும் ஒரு பீடி பிடிப்பார். ஊருக்கே தெரிந்த வழக்கம். அன்று மாலை டீக்கடை வாசலில் பத்துப் பேர் பார்க்க, அண்ணாதுரை அவரிடம் இனிமேல் என் வரப்பில் கால் வைக்காதே என்று சொல்லிவிட்டார். பீடியை அணைத்தோமா இல்லையா என்று வீரையனுக்கே நினைவில்லை. அணைக்காமல்தான் போட்டிருக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

விஜயலட்சுமிக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. சாக்கு நினைவுக்கு வந்ததும் அடுப்புத் தட்டை இழுத்தாள். அன்று காலையும் உமிதான் எரித்திருந்தாள். சாம்பல் சில்லென்றுதான் இருந்தது. இடுக்கியால் கிளறினாள். உள்ளே சிவப்பாக ஒரு கண் திறந்தது.

போய்ச் சொல்லியிருக்க வேண்டும். முப்பதடி தூரம்தான். ரெங்கசாமிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். கொடுத்ததும் துணி மாற்ற வேண்டியிருந்தது. துணி அலசியதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சனிக்கிழமையும் இப்படியே போனது. பயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பயத்தைவிட அசதி பெரிதாக இருந்தது. அசந்துபோன மனிதருக்கு நாளை என்பது பக்கத்திலேயே இருக்கிறது. தவறு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வளர்கிறது.

வீரையன் தினமும் விடிந்ததும் வயலுக்குப் போகிற வழியில் அவள் வீட்டுக்கு வருவார். ரெங்கசாமியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வாசல் நாற்காலியில் உட்காரவைப்பார். யாரும் கேட்டுச் செய்ததில்லை. ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். சனிக்கிழமை அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. ரெங்கசாமி வாசலைப் பார்த்தபடியே கிடந்தார். பிறகு அவளைப் பார்த்து, "வீரை?" என்றார்.

விஜயலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அண்ணாதுரை கொல்லையில் கருகிய வைக்கோலை மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தார். பிரகதாம்பாள் மாட்டுக்கு வாழைத்தண்டு அரிந்துகொண்டிருந்தாள். விஜயலட்சுமி சாக்கைப் பற்றிச் சொன்னாள். உமிச் சாம்பலைப் பற்றிச் சொன்னாள். வீரையன் மேல் தப்பில்லை, வெள்ளிக்கிழமையே தனக்குத் தெரிந்துவிட்டது என்றாள். இருவரும் கேட்டார்கள். அண்ணாதுரை மண்வெட்டியை ஊன்றி நின்று சிரித்தார். கோபமான சிரிப்பு இல்லை.

"தங்கச்சி, அவன் உன் புருஷனைத் தூக்குறான். நீ அவனைத் தூக்கப் பாக்குறே. எனக்குப் புரியுது."

"இல்லண்ணே. நான் வச்ச சாம்பல்தான்."

"போன வருஷம் எங்க கன்னுக்குட்டி பயத்தங்கொல்லையில மேஞ்சப்ப, கட்டை அவுத்தது நான்தான்னு வந்து நின்னியே. அவுத்தது வாத்தியார் வீட்டுப் பையன்னு ரெண்டாம் நாள் தெரிஞ்சுது. அடி வாங்குவான்னு நீ பொய் சொன்னே. இல்லேங்குறியா?"

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. நல்லதென்று நினைத்துச் சொன்ன பொய் ஒரு வருஷம் காத்திருந்து, இன்று அவளுடைய உண்மையை மறித்துக்கொண்டு நின்றது. பிரகதாம்பாளும் நம்பவில்லை. ஆறின சாம்பல் எரியுமா விஜயா, தொட்டுப் பார்த்துத்தானே வைத்தாய் என்று கேட்டாள். சாக்கு எரிந்துபோய்விட்டது. காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

"அப்ப எரியுதான்னு வச்சுப் பாப்போம் அண்ணே," என்றாள் விஜயலட்சுமி. "எரிஞ்சா நீங்க டீக்கடையில சொன்னதை டீக்கடையிலயே திருப்பி வாங்கிக்கணும்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு, சரி என்றார்.

திங்கட்கிழமை காலையும் மத்தியானமும் அவள் உமியே எரித்தாள். அன்றுபோலவே சாயங்காலம் தட்டைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்றிருந்தது. சணல் சாக்கில் கொட்டினாள். தன் வீட்டுப் போரிலிருந்து இரண்டு கை வைக்கோல் பிடுங்கிக்கொண்டாள். அண்ணாதுரையின் நெல் காயவைக்கும் களத்தில், வீட்டுக்கும் மாட்டுக்கும் தள்ளி, சிமென்ட் தரை நடுவில் சாக்கை வைத்து வைக்கோலை மேலே சாத்தினாள். பக்கத்தில் நான்கு குடம் தண்ணீர் வைத்தாள். தப்பு ஒரு தடவை போதும்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கம்பக்கம் வந்து பார்த்தது. சாம்பலுக்குச் சீமந்தம் நடக்குது, வளையல் எங்கே என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி மூட்டையைத் தொட்டுப் பார்த்து, எங்க வீட்டு மாமியார் கையைவிடச் சில்லுன்னு இருக்கு என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். விஜயலட்சுமிக்கும் சிரிப்பு வந்தது. பிறகு ரெங்கசாமியைத் திருப்பிப் படுக்கவைக்க ஓடினாள்.

வீரையனுக்கு ஆள் அனுப்பியிருந்தாள். அவர் களத்துக்குள் வரவில்லை. சாலை ஓரத்துப் பூவரசு மரத்தடியிலேயே குந்திக்கொண்டார். இதெல்லாம் எதற்கம்மா, நான்தான் போட்டிருப்பேன், என்று அங்கிருந்தே சொன்னார். ஐந்து நாளாகப் பீடியைத் தொடவில்லை என்று அவர் சம்சாரம் சொல்லியிருந்தாள். சாப்பாடும் சரியாக இறங்குவதில்லையாம்.

பன்னிரண்டு மணிக்கு ஒன்றுமில்லை. ஒரு மணிக்கும் ஒன்றுமில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அண்ணாதுரை ஒருமுறை வந்து பார்த்தார். போ தங்கச்சி, வெயில்ல நிக்காதே, உன் மனசு எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

விஜயலட்சுமி கிழக்கே பிள்ளையார் கோயில் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். எத்தனையோ வருஷமாக, அடுப்பு பற்றவைக்கும்போதெல்லாம் யார் வீட்டுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறவள் அவள். பற்றிக்கொள்ளட்டும் என்று ஒரு நெருப்புக்காக வேண்டியது இதுதான் முதல் தடவை. உண்மை தெரியட்டும் என்று மட்டும் வேண்டினால் போதாதா என்று தோன்றியது. அப்படியும் ஒருமுறை வேண்டிக்கொண்டாள்.

பிறகு ரெங்கசாமிக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. களத்தை விட்டுப் போவதா என்று தயங்கினாள். மரத்தடியிலிருந்து வீரையன், "போங்கம்மா, ஐயா பசியோட இருப்பாரு. நான் தண்ணிக்குடத்துக்கிட்ட நிக்கிறேன்," என்றார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் அதற்காகத்தான் முதல் தடவையாகக் களத்தில் கால் வைத்தார்.

அவள் அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். கட்டில் காலில் தலையைச் சாய்த்தது நினைவிருக்கிறது.

எழுப்பியது பிரகதாம்பாள். பேசாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இரண்டரை மணிக்கு மேல் மேற்குக் காற்று கிளம்பியிருந்தது. சாக்கின் அடியில் ஒரு மூலை கறுத்து, நூல் நூலாகப் புகை வந்துகொண்டிருந்தது. அவர்கள் பார்க்கும்போதே சணல் சிவந்து விலகியது. வைக்கோலின் நுனி சுருண்டது. குப்பென்று தீ எழுந்தது. அண்ணாதுரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வீரையன் ஒரு குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தார், இன்னொன்றையும் கவிழ்த்தார். தீ அணைந்தது. அவர் காலிக் குடத்தைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

பிரகதாம்பாள்தான் முதலில் பேசினாள்.

"அன்னிக்கே தெரியும்குறே. ரெண்டு நாள் ஏன் சும்மா இருந்தே விஜயா?"

விஜயலட்சுமி ஏதாவது நல்ல காரணம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை.

"அசதி அண்ணி," என்றாள். "வேற ஒண்ணுமில்ல."

பிரகதாம்பாள் முகத்தில் கோபம் இருந்தது. இழந்தது ஒரு வருஷத்துத் தீனி, கோபம் இருக்கத்தான் செய்யும். தன் போரில் பாதியை இன்றைக்கே இழுத்துக்கொள்ளச் சொன்னாள் விஜயலட்சுமி. பிரகதாம்பாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாட்டுக்கு வேண்டும். ஆனால் காலையில் உன் வீட்டுக்காரரைத் திருப்பிப் படுக்கவைக்கிற நேரம் எது என்று கேட்டாள். ஆறு மணி என்றதும், ஆறு மணிக்கு நான் வருகிறேன், நீ படுத்துக்கொள் என்றாள். அதைச் சொல்லும்போதும் முகத்தில் கோபம் மாறவில்லை.

அண்ணாதுரை சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். விஜயலட்சுமியும் கூடவே நடந்தாள். அவர் பங்கை அவர் சொல்ல வேண்டும், தன் பங்கைத் தானே சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. வீரையன் நான்கடி பின்னால் வந்தார், வேண்டாம் ஐயா, வேண்டாம் ஐயா என்று சொல்லிக்கொண்டே.

டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அண்ணாதுரை தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்கு அது சுலபமாக வரவில்லை.

"வெள்ளிக்கிழமை இங்க நின்னு வீரையனை ஒரு வார்த்தை சொன்னேன். அது தப்பு. தீ அவரு வச்சதில்ல."

இருபது வருஷத்தில் அவரு என்று அண்ணாதுரை சொன்னது அன்றுதான். விஜயலட்சுமி அடுத்துச் சொன்னாள், தன் சாம்பல் என்று, இரண்டு நாள் மறைத்தேன் என்று. யாரோ பெஞ்சில் இடம் விட்டார்கள். டீக்காரர் கேட்காமலேயே மூன்று டம்ளர் எடுத்து வைத்தார்.

வீரையன் உட்காரவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விஜயலட்சுமியிடம் மெதுவாகப் பேசினார்.

"அஞ்சு நாளா என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்மா. இப்ப யாரைத் திட்டுறதுன்னு தெரியல."

"என்னைத் திட்டுங்கண்ணே."

"அதுக்கு இன்னும் பழகலை," என்றார் அவர். முதல் வாய் டீ அவர் தொண்டையில் இறங்குவதை அவள் பார்த்தாள். அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தாள்.